முனையும் குவியமும் தெரிந்தால் பரவளையத்தின் சமன்பாடு: கேள்வி பதில்

கேள்வி: பரவளையத்தின் முனை (வளைவு திரும்பும் புள்ளி) (2, −1), குவியம் (வளைவின் உட்புறம் அச்சில் உள்ள நிலைப்புள்ளி) (5, −1) என்று கொடுத்துச் சமன்பாடு கேட்கிறார்கள். வலம், இடம், மேல், கீழ் எனத் திறக்கும் வளைவுகளுக்கான நான்கு வாய்பாடுகளில் எதை எடுப்பது என்பதிலேயே குழம்பிவிடுகிறேன்.

பதில்: வாய்பாட்டைத் தேடும் முன் இரு புள்ளிகளையும் தாளில் குறித்துவிடுங்கள். இரண்டிலும் ஒய் மதிப்பு −1 ஆக இருப்பதால் சமச்சீர் அச்சு கிடைக்கோடாகும். பரவளையம் எப்போதும் தன் குவியத்தை உள்ளடக்கியே வளையும் என்பதாலும், இங்கே குவியம் முனைக்கு வலப்புறம் இருப்பதாலும், வளைவு வலப்புறம் திறக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏ = 3. வலப்புறம் திறக்கும் வாய்பாட்டில் வலப்பக்கக் கெழு 4ஏ = 12. ஆகவே (ஒய் + 1)² = 12(எக்ஸ் − 2). எந்த மாறிக்கு வர்க்கம் வரும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அச்சுக்கு மேலும் கீழும் வளைவு சமமாக விரிவதால், முனைக்கு வலப்புறம் ஒவ்வொரு எக்ஸுக்கும் இரண்டு ஒய் கிடைத்தாக வேண்டும். அதற்கு ஒய் பக்கம்தான் வர்க்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: முனை (1, 4), குவியம் (1, 2). ஏ = 2 − 4 = −2 என எடுத்து, கீழ்நோக்கித் திறக்கும் வாய்பாட்டில் பிரதியிட்டேன். (எக்ஸ் − 1)² = 8(ஒய் − 4) என வந்தது; தவறு என்கிறார்கள்.

பதில்: கீழ்நோக்கித் திறக்கும் வாய்பாட்டிலேயே 4ஏ-க்கு முன் கழித்தல் குறி இருக்கிறது. நீங்கள் ஏ-க்கும் ஒரு கழித்தல் குறி கொடுத்ததால் இரண்டும் சேர்ந்து மிகையாகி, வளைவு மேல்நோக்கித் திரும்பிவிட்டது. ஏ என்பது தொலைவு. அதை மிகை எண்ணாகவே வைத்துக்கொண்டு, திசையை வாய்பாட்டின் குறியிடம் விட்டுவிடுங்கள். சரியான விடை (எக்ஸ் − 1)² = −8(ஒய் − 4).

இத்தகைய பிழையைப் பிடிக்கச் செவ்வகலம் உதவும்; குவியத்தின் வழியே அச்சுக்குச் செங்குத்தாகச் சென்று வளைவின் இரு பக்கங்களையும் தொடும் கோட்டுத்துண்டு அது. அதன் நீளம் 4ஏ, அதாவது இங்கே 8. குவியத்திலிருந்து இரு பக்கமும் 4 அலகு நகர்ந்தால் (5, 2), (−3, 2) என்னும் புள்ளிகள் கிடைக்கும். (5, 2) ஐச் சரியான விடையில் பிரதியிட்டால் இரு பக்கமும் 16. உங்கள் சமன்பாட்டிலோ இடப்பக்கம் 16, வலப்பக்கம் −16.

கேள்வி: இந்த ஏ-யும், ஒய் = ஏ எக்ஸ்² என்று எழுதும்போது வரும் ஏ-யும் ஒன்றா?

பதில்: இல்லை. அங்கே வருவது எக்ஸ்² இன் கெழு. அதன் எண்மதிப்பு 1/(4ஏ). மேற்கண்ட வளைவில் ஏ = 2, கெழு −1/8.

கேள்வி: முனை (1, 1), குவியம் (2, 2) என்றால் அச்சு சாய்ந்துவிடுகிறதே. எந்த வாய்பாடும் பொருந்தவில்லை.

பதில்: நான் மிகவும் விரும்பும் கணக்கு இது, ஏனெனில் வரையறையைத் தவிர வேறு எதுவும் இங்கே கைகொடுக்காது. பரவளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் குவியத்திலிருந்தும், இயக்குவரை எனப்படும் ஒரு நிலையான நேர்க்கோட்டிலிருந்தும் சம தொலைவில் இருக்கிறது. முனையும் அப்படிப்பட்ட புள்ளியே என்பதால், குவியத்துக்கும், அச்சு இயக்குவரையைச் சந்திக்கும் இடத்துக்கும் அது நடுப்புள்ளியாகிறது. (1, 1) நடுப்புள்ளி, ஒரு பக்கம் குவியம் (2, 2) என்றால் மறுபக்கம் (0, 0). அதன் வழியே அச்சுக்குச் செங்குத்தாகச் செல்லும் எக்ஸ் + ஒய் = 0 என்பதே இயக்குவரை. இனி இரு தொலைவுகளின் வர்க்கங்களைச் சமப்படுத்தினால்,

(எக்ஸ் − 2)² + (ஒய் − 2)² = (எக்ஸ் + ஒய்)²/2.

இரு பக்கமும் 2 ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் (எக்ஸ் − ஒய்)² = 8(எக்ஸ் + ஒய் − 2). நேரான அச்சுள்ள கணக்குகளையும் இதே வழியில் செய்யலாம். முதல் கேள்வியில் இயக்குவரை எக்ஸ் = −1; (எக்ஸ் + 1)² இலிருந்து (எக்ஸ் − 5)² ஐக் கழித்தால் 12எக்ஸ் − 24 தானாகவே வந்து நிற்கும்.

கேள்வி: முனையும் குவியமும் ஒரே புள்ளியாக இருக்கலாமா?

பதில்: அப்போது ஏ = 0 ஆகி, இயக்குவரை குவியத்தின் வழியாகவே செல்லும். அவ்விரண்டிலிருந்தும் சம தொலைவில் உள்ள புள்ளிகள், குவியத்தில் இயக்குவரைக்குச் செங்குத்தான ஒரு நேர்க்கோட்டில் அமையும். ஒய்² = 4ஏ எக்ஸ் என்பதில் ஏ = 0 எனப் பிரதியிட்டு ஒய்² = 0 என்று எழுதிப் பாருங்கள்: எஞ்சுவது அச்சு மட்டுமே, பரவளையம் இல்லை.