வீட்டிலேயே பெற்றோல் தாங்கிக்கு நிறம் பூசுவது எப்படி?

பழைய மோட்டார் சைக்கிளின் தாங்கிக்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே நிறம் பூச முடியுமா என்று கேட்டிருந்தீர்கள், தாராளமாக முடியும். ஆனால் வேலையின் பெரும்பகுதி தேய்ப்பதிலேயே இருக்கிறது. பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றி, சவர்க்கார நீரால் எண்ணெய்ப் பசையைப் போக்கியபின், 400 இலக்க வோட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்; இலக்கம் கூடக் கூட மென்மை கூடும்) நனைத்துத் தேய்க்க வேண்டும். பழைய பூச்சும் தகரமும் சந்திக்கும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கோடு புதிய பூச்சிலும் தெரியும் என்பதால், இன்னும் தேய்க்கத்தான் வேண்டும்.

அடுத்து பிரைமர் எனும் அடிப்பூச்சை அடித்து, அது காய்ந்ததும் 800 இலக்கத்தால் மெதுவாகத் தேய்த்து, நிற ஸ்பிரே கானை ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, மெல்லிய படைகளாக அடியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்துப் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டிவிடும், மாரியிலோ ஈரப்பதத்தால் பூச்சு வெளிறும். மாசி, பங்குனியில் பனி உலர்ந்தபின் வரும் காற்றற்ற காலைப்பொழுதே எனக்குப் பிடித்தது.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் மேற்பூச்சு. நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் சாதாரண வகையாக இருந்து, அதில் பெற்றோல் சிந்தினால் அது இளகிவிடும். கடினமாக்கி கலந்த இருபகுதிக் கிளியரே தாங்கும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால், துணி முகக்கவசம் போதாது. இரசாயன ஆவியை வடிக்கும் முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியிலேயே அடியுங்கள். நிறத்தையே மாற்றுவதாயின், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.