மூக்கில் தட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. என் கணவர் வேலை முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றியதும் ஓடிப்போய் மோந்து பார்க்கும். அப்புறம் வாயைப் பாதி திறந்தபடி, குமட்டுவது போல முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது. வீடியோ எடுப்பதற்காக வெங்காயம், தலைவலித் தைலம், சென்ட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதன் மூக்கருகே நீட்டுகிறார்கள். காலையில் என் வாயை மோந்து பார்த்துத்தான் என்னை எழுப்பும். விருந்தாளி வந்தால் அவர் பையில் கன்னத்தைத் தேய்க்கும். இதெல்லாம் சரி. போன வாரம், துவைத்து விரித்த மெத்தை விரிப்பில் சிறுநீர் பெய்துவிட்டது. பினாயில் போட்டுத் துடைத்தும் மறுபடி அதே இடத்தில் பெய்கிறது. "மோந்து பார்க்கிற போதெல்லாம் மூக்கில் ஒரு தட்டு தட்டு, திருந்திவிடும்" என்கிறார் மாமியார். தட்டலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது. ஒரு முறைகூடக் கூடாது. பிள்ளைகளின் வெங்காய விளையாட்டையும் இன்றோடு நிறுத்துங்கள். பினாயில் பாட்டிலைப் பூனை நடமாடும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

முதலில் அந்தக் குமட்டும் முகம். உங்கள் பூனைக்கு அருவருப்பு எதுவும் இல்லை. மேல் வரிசை முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் அதற்கு இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. அவை மூக்கின் அடியில் இருக்கும் இன்னொரு மோப்ப உறுப்புக்குப் போகின்றன. டென்மார்க் நாட்டு மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் 1813-இல் விவரித்ததால் அதற்கு ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். காற்றில் எளிதில் பறந்து வராத, வியர்வையிலும் சிறுநீரிலும் ஒட்டிக்கிடக்கும் சேதிகளை அறிவதற்கு இந்த உறுப்பு. பூனை மேலுதட்டைச் சற்றே தூக்கி, வாயைத் திறந்து, அந்த வாசனையை உள்ளே அனுப்புகிறது. அந்த நேரத்தில் அதன் கவனம் முழுவதும் அங்கேதான் இருக்கும். அதனால்தான் சிலைபோல நிற்கிறது.

ஆடு வளர்க்கிற வீட்டில் யாரைக் கேட்டாலும் இந்த முகத்தைத் தெரியும் என்பார்கள். பெட்டை ஆட்டின் சிறுநீரை மோந்துவிட்டுக் கிடா தலையைத் தூக்கி உதட்டைச் சுருட்டுமே, அது இதே காரியம்தான். குதிரையும் செய்யும், புலியும் செய்யும். யானை துதிக்கை நுனியால் தொட்டெடுத்து வாய்க்குள் அண்ணத்தில் வைத்துப் பார்க்கும். பூனைக்கு உதடு சிறியது, அதனால் வாய் திறந்தது மட்டும் நமக்குத் தெரிகிறது, முகச்சுளிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் கணவரின் சாக்ஸில் அவருடைய வியர்வை மட்டுமா இருக்கிறது? காலணியோடு சேர்ந்து தெருவே வீட்டுக்குள் வருகிறது. எந்த நாய் எந்த முனையில் நின்றது, வேறு எந்தக் கடுவன் இந்தப் பக்கம் வந்து போனது, எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வாசலைத் தாண்டாத ஒரு பூனைக்கு நாள் முழுவதும் கிடைக்கிற வெளியுலகம் அவ்வளவுதான். அதை மோந்துகொண்டிருக்கும்போது மூக்கில் தட்டினால், எதற்காக அடி என்று அதற்குப் புரியாது. உங்கள் கையைக் கண்டால் விலகப் பழகிக்கொள்ளும், அது மட்டும்தான் நடக்கும்.

உங்கள் வாயை மோந்து பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒன்றையொன்று அறிந்த இரண்டு பூனைகள் சந்தித்தால் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் நலம் விசாரிக்கும். தவிர, பூனையின் கண் தூரத்து அசைவுக்கு ஏற்றது. ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள் வந்த பொருள் அதற்குத் தெளிவாகத் தெரியாது. உங்கள் முகம் அவ்வளவு அருகில் இருக்கும்போது அது உங்களை அறிவது மூக்காலும் மீசையாலும்தான். விருந்தாளியின் பையில் கன்னத்தைத் தேய்ப்பதும் இதில் சேர்ந்ததே. கன்னம், தாடை, நெற்றி, உள்ளங்கால், வாலின் அடி ஆகிய இடங்களில் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. அந்நிய வாசனையோடு வந்த பொருளில் தன் வாசனையைப் பூசி, நம் வீட்டுப் பொருள்தான் என்று ஆக்கிக்கொள்கிறது. சோபாவைப் பிறாண்டுவதிலும் பாதி இதுதான். பாதத்தின் வாசனை அங்கே பதிகிறது.

இந்த மூக்கு பூனைக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட வாரத்தில். எங்கள் வீட்டில் ஒரு பெண் பூனை இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதற்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. தட்டில் மீன் வைத்தால் பக்கத்தில் வந்து உட்காரும், தட்டைப் பார்க்கும், அப்புறம் எழுந்து போய்விடும். பசி இருந்தது. ஆனால் வாசனை தெரியாத பொருள் அதற்கு உணவாகவே படவில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்தது. கால்நடை மருத்துவர் மூக்கைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். நெத்திலியை உப்புப் போடாமல் வேகவைத்து, வெதுவெதுப்பாக, அந்த நீரோடு வைக்கச் சொன்னார். ஆவி மூக்கில் பட்டதும் அது தலையைத் தூக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் இரண்டு நக்கு, அப்புறம் தட்டையே காலி செய்துவிட்டது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், பருத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். அதனால் ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரிடம் போய்விட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட மூக்கில் பிள்ளைகள் தைலத்தைக் காட்டுகிறார்கள். கற்பூரமும் மெந்தாலும் நம் மூக்கையே எரிக்கின்றன. வெங்காயம், பூண்டு இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மோந்து பார்க்க வைத்தது ஒரு நாள் நக்கிப் பார்ப்பதில் முடியும். பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.

பினாயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பதறவைத்தது அதுதான். பல பினாயில்களில் கலந்திருக்கும் பீனால் வகைப் பொருள்களை மனித உடல் கல்லீரலில் மாற்றி வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய ஒரு நொதி பூனைக்குச் சரிவர வேலை செய்வதில்லை. பாரசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் இந்தக் குறைதான் காரணம். பீனால் கலந்த திரவத்தில் துடைத்த இடத்தில் பூனை நடக்கும், படுக்கும், அப்புறம் உட்கார்ந்து பாதத்தை ஒவ்வொரு விரலாக நக்கிச் சுத்தம் செய்யும். துடைத்ததெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. அந்துருண்டையும் டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் இதே கணக்குத்தான்.

பினாயில் உங்கள் பிரச்சினையைத் தீர்க்கவும் செய்யாது. கடுவனின் சிறுநீரில் ஃபெலினைன் என்ற கந்தகம் கலந்த பொருள் இருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து நாற்றத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் பினாயிலின் காட்டமான வாசனையைக் கொட்டினால் நம் மூக்குதான் ஏமாறும், பூனைக்கு அடியில் இருப்பது தெரியும். அதுவுமில்லாமல், நீங்கள் வாசனைத் திரவம் போட்டுத் துவைத்தபோது அந்த விரிப்பில் இருந்த உங்கள் வாசனையும் அதன் வாசனையும் சேர்ந்தே போயிருக்கும். தான் தூங்குகிற இடம் திடீரென்று அந்நியமாகிவிட்டால் சில பூனைகள் இப்படித்தான் மறுபடி அடையாளம் வைக்கும்.

ஆனால் அதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் இதைக் கவனியுங்கள். மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறதா? சொட்டுச் சொட்டாக வருகிறதா? அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறதா, கத்துகிறதா? ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவரைப் பாருங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்த கேள்வி: கருத்தடை அறுவை செய்தாயிற்றா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. இரண்டு வயதுக் கடுவனுக்குச் செய்யவில்லை என்றால், செய்துவிடுங்கள். பெரும்பாலான பூனைகள் அதன் பிறகு அடையாளத்துக்காகப் பெய்வதைக் குறைத்துவிடும், சிறுநீரின் நெடியும் தணியும்.

விரிப்பை என்சைம் கலந்த சலவைத்தூளில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயப்போடுங்கள். மெத்தையில் பட்ட இடத்தையும் அதே நீரால் துடைத்து, அப்புறம் நல்ல தண்ணீரால் இரண்டு தடவை துடையுங்கள். பூனை படுத்த பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் அந்த மெத்தையில் சில நாள் போட்டு வையுங்கள். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டுமே, அதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தோட்டத்திலோ காலிமனை ஓரத்திலோ குப்பைமேனி இல்லாமல் இருக்காது. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் சும்மா வரவில்லை. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் வேரைத் தேடி வந்து மோந்து, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த வேரை ஆராய்ந்து, மேலைநாட்டுப் பூனைகளை மயக்கும் கேட்னிப் செடியின் நெபடாலாக்டோனுக்கு நெருங்கிய உறவுள்ள பொருள்கள் அதில் இருப்பதைக் கண்டார்கள். ஜப்பானில் இவாட்டே பல்கலைக்கழகத்தினர், அங்குள்ள இதுபோன்ற ஒரு கொடியில் பூனைகள் புரள்வதால் அவற்றின்மேல் கொசு உட்காருவது குறைகிறது என்று 2021-இல் காட்டினார்கள். நம் முன்னோர் ஒரு களைச்செடிக்கு வைத்த பெயருக்குள் இந்தக் கவனிப்பு இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வேரை மண் போகக் கழுவி, பத்து நிமிடம் தரையில் வையுங்கள். அதுவாக வந்து மோந்து புரளட்டும். அரைத்தோ பாலில் கலந்தோ ஊட்ட வேண்டாம். எல்லாப் பூனைக்கும் இது பிடிக்கும் என்றும் இல்லை. உங்களுடையது திரும்பிப் பார்க்காமல் போனால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், பழைய வழக்கத்தில் வந்த பேச்சு அது. அடுத்த தடவை பூனை அவர் பக்கத்தில் வரும்போது, ஒரு விரலை மடக்கி அதன் மூக்குக்கு நேராக, சற்றுத் தள்ளி நீட்டச் சொல்லுங்கள். அசைக்க வேண்டாம். அது வந்து மோந்து பார்க்கும். பிடித்துப்போனால் அப்படியே கன்னத்தை விரலில் வைத்துத் தேய்க்கும். அதன் பிறகு மோவாயின் அடியில் மெல்லச் சொறிந்துகொடுக்கலாம்.