இறையியல் துறையா, ஆங்கிலத் துறையா?

தம்பி, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் மில்டனை ஆய்வு செய்ய பிரிட்டன் வந்திருக்கிறீர்கள். முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறையில் பதிவது, பிற்பாடு வேலை எங்கே கிடைக்கும், விசுவாசியாக இருந்தாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு துறைகளிலும் பாடம் எடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

இறையியலையும் இலக்கியத்தையும் சேர்த்துப் படிப்பதற்கென்றே 1987-இல் ஓர் ஆய்விதழ் தொடங்கி இன்றும் வருகிறது. கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் வேலை விளம்பரம் அந்தப் பெயரில் வருவது அபூர்வம். ஆங்கிலத் துறைக்கு மறுமலர்ச்சிக் கால இலக்கியம் நடத்த ஆள் வேண்டும். இறையியல் துறைக்குத் திருச்சபை வரலாறோ கோட்பாட்டு இறையியலோ நடத்த ஆள் வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு நாளைக்கே எந்த அடிப்படைப் பாடத்தை உங்களால் எடுக்க முடியும்? அந்தத் துறையில் பதியுங்கள்.

மில்டனையே எடுத்துக்கொள்வோம். அவருடைய காவியம் ‘பாரடைஸ் லாஸ்ட்’ வந்தது 1667-இல். அவர் லத்தீனில் எழுதிய கிறிஸ்தவக் கோட்பாட்டு நூலின் கையெழுத்துப் படி லண்டனில் பழைய அரசு ஆவணங்களுக்கு நடுவே கிடைத்ததோ 1823-இல்தான். குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று அதில் வாதாடுகிறார். இறையியல்காரர் உடனே, இதே போன்ற கருத்தைச் சொன்ன நான்காம் நூற்றாண்டுக் குரு ஆரியுஸை இழுத்து வருவார், எந்த வசனத்தை வைத்து இப்படிச் சொல்கிறார் என்று குடைவார். ஆங்கிலத் துறைக்காரரின் சந்தேகம் வேறு: அந்த நூலைச் சாவியாக வைத்துக் காவியத்தைத் திறப்பது சரியா? மூன்றாம் காண்டத்தில் குமாரன் பேசும் தொனி இந்தக் கோட்பாட்டுக்குள் அடங்குகிறதா? போதாக்குறைக்கு, அந்த நூல் மில்டனுடையதுதானா என்று 1991-இல் ஒரு சர்ச்சை வெடித்து வருஷக்கணக்கில் ஓடியது. பெரும்பாலான அறிஞர்கள் இன்று அது அவருடையதே என்கிறார்கள். ஆய்வேட்டில் இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் தொடலாம், தொடத்தான் வேண்டும். ஆனால் எது உங்கள் மையக் கேள்வி என்பதில் குழப்பம் இருந்தால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு அறையில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே கேள்வி கேட்பவர்கள் தேர்வாளர்கள், உங்கள் நெறியாளர் அல்ல. வெளித்தேர்வாளராக யாரை அழைக்கலாம் என்று அவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

அப்புறம் மொழி. லத்தீன் இல்லாமல் இந்தத் தலைப்பு நகராது. இறையியல் பக்கம் போனால் கிரேக்கமும் வேண்டும். முதல் வருஷமே வகுப்பில் சேருங்கள், கடைசி வருஷத்தில் மூச்சு விட நேரம் இருக்காது.

விசுவாசம் பற்றி: சாதாரணப் பல்கலைக்கழகத் துறைகளில் யாரும் கேட்க மாட்டார்கள். மில்டன் காலத்துப் பக்திக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் கவிதையைப் பக்திமான்களைவிட நுட்பமாகப் படிக்கும் நாத்திகர்களை நான் பார்த்திருக்கிறேன். சபை நடத்தும் கல்லூரிகள் வேறு மாதிரி, சில இடங்களில் விசுவாச அறிக்கையில் கையெழுத்து கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன் விளம்பரத்தை முழுசாகப் படியுங்கள்.

வேலை நிலவரம் நன்றாக இல்லை. பட்டம் முடிந்ததும் கிடைப்பது பெரும்பாலும் சில மாத அல்லது ஒரு வருஷ ஒப்பந்தம். அதற்குள் விசா கணக்கு வேறு ஓடும். உங்கள் தலைப்புக்கு நான் ஆங்கிலத் துறையைத்தான் சொல்வேன். இறையியலில் ஏற்கெனவே பட்டம் வைத்திருந்தால் மட்டும் இன்னொரு முறை யோசிக்கலாம்.