காட்டுக் கரடியை எவ்வளவு பக்கத்தில் போய்ப் படமெடுக்கலாம்? எந்த லென்ஸ் வேண்டும்?

கேள்வி கேட்டவர் கூடவே இரண்டு தகவல் கொடுத்திருக்கிறார். அவரிடம் ஒரு க்ராப் சென்சார் கேமராவும் (சின்ன சென்சார் உள்ளது) 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. கரடியை 20 மீட்டர் வரை நெருங்கினால்தான் படம் உருப்படியாக வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அது சரியா, இல்லை 600 மி.மீ. மாதிரி பெரிய லென்ஸ் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

நெருங்காதீர்கள். ஆனால் 20 மீட்டரில் கரடியைப் படமெடுக்க முடியும், நானே எடுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பதில் மிகப் பக்கத்துப் படம் ஏறக்குறைய 10 மீட்டரில் எடுத்தது. அந்தத் தூரத்தைக் குறைத்தது கரடி. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. நாம் நெருங்குவதும் கரடி நெருங்குவதும் கேட்க ஒன்று போலத் தோன்றினாலும் வேறு வேறு. அதைவிடப் பக்கத்திலும் ஒரு தடவை ஒரு கரடி வந்தது. அதற்கு மட்டும் உருப்படியான படம் இல்லை. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அலாஸ்காவில் மெக்னீல் ஆறு என்று ஓர் இடம். 1967-லிருந்து சரணாலயம். ஜூலையில் சம் என்ற வகை சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும். அருவியில் அவை திணறி நிற்கும்போது பிடித்துத் தின்னப் பழுப்புக் கரடிகள் கூடும். ஒரே சமயத்தில் எழுபதுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். மனிதர்களை மட்டும் நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அருவிப் பக்கம் கூட்டிப் போவதில்லை. அந்தப் பத்துப் பேரும் குலுக்கலில் வருபவர்கள், ஆளுக்கு நான்கு நாள் அனுமதி. மூன்று வருடம் விண்ணப்பித்து ஏமாந்து, நான்காவது வருடம் என் பெயர் விழுந்தது.

தினமும் காலையில் இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றிலும் தண்ணீரிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முன்னால் துப்பாக்கியோடு சரணாலய ஊழியர், பின்னால் நாங்கள் வரிசையாக. அருவிக்குப் பக்கத்தில் சரளைக்கல் பரப்பிய ஒரு சின்ன மேடு. வேலி கிடையாது, கூரை கிடையாது. அங்கே போய் உட்கார்ந்தால் சாயங்காலம் திரும்பும் வரை அங்கேயேதான்.

இரண்டாம் நாள். கீழே ஆற்றிலிருந்து ஒரு பெரிய ஆண் கரடி மீனைத் தின்று முடித்துவிட்டு, எங்கள் மேட்டை ஒட்டிப் போகும் தடத்தில் ஏறி வந்தது. நான் 100-400 லென்ஸை 400-ல் வைத்து வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்திருந்தேன். முதலில் முழுக் கரடி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தலையும் தோளும். அப்புறம் முகம் மட்டும். ஷட்டரை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். கேமரா வழியாகப் பார்க்கும்போது ஒன்று நடக்கிறது: எதிரில் வருவது டிவியில் ஓடும் காட்சி மாதிரி ஆகிவிடுகிறது, பயமே வருவதில்லை. ஊழியர் என் தோளைத் தொட்டு, "கேமராவைக் கீழே இறக்குங்க, அப்படியே உட்காருங்க" என்றார். இறக்கினால், கரடி ஆறேழு அடி தூரத்தில் நிற்கிறது.

வயிற்று ரோமத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் விரல் நீளத்துக்கு ஆறாத ஒரு புண், அதைச் சுற்றிக் கொசுக்கள். மூச்சில் மீன் வாடை. ஊழியர் அதனிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்களை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். பாறைக் கூட்டத்தைக் கடந்து போவது போல எங்களைக் கடந்து போய்விட்டது.

கார்டில் பார்த்தால் நாற்பது சொச்சம் படம், கடைசி இருபதும் வெறும் மங்கல். ஒரே ஒரு படத்தில் மட்டும் காது தெளிவாக விழுந்திருக்கிறது. கரடி ஆறடியில் வந்தது என்று யாரிடமாவது சொன்னால், கரடி விடுகிறான் என்கிறார்கள்.

அந்த ஆறடியில் நான் உயிரோடு உட்கார்ந்திருந்ததற்கு என் தைரியம் காரணம் இல்லை. 1970-களிலிருந்து அங்கே மனிதர்கள் தினமும் அதே தடத்தில் வந்து, அதே மேட்டில் உட்கார்ந்து, அதே மாதிரி திரும்பிப் போகிறார்கள். கரடிக்கு ஒரு துண்டு உணவுகூட மனிதர்களிடமிருந்து கிடைத்ததில்லை. அந்த அனுமதி முறை வந்ததிலிருந்து அங்கே வந்த யாரையும் கரடி காயப்படுத்தியதும் இல்லை. ஆனால் வேறு இடத்துக் கரடிக்கு இந்தப் பாடம் தெரியாது. மெக்னீலில் ஆறடி என்றால் எங்கேயும் ஆறடி என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனிதர்களுக்குப் பழகிய கரடி வேறு, மனிதர்களின் உணவுக்குப் பழகிய கரடி வேறு. ருசி கண்ட பூனை உறியைத் தாவும் என்பது கரடிக்குத்தான் ரொம்பப் பொருந்தும். ஜப்பானியப் புகைப்படக்காரர் மிச்சியோ ஹோஷினோ அலாஸ்காவில் கரடிகளோடு வருடக்கணக்கில் வேலை பார்த்தவர், இந்தத் துறையில் அவருக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் குறைவு. 1996 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சாத்காவில், குரில் ஏரிக் கரையில் கூடாரத்தில் தூங்கும்போது ஒரு பழுப்புக் கரடி அவரைக் கொன்றது. அது மனிதர்கள் கொடுத்த தீனிக்குப் பழகியிருந்த கரடி. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது "எத்தனை கரடி தெரியும்?" என்று இல்லை. "இங்கே சாப்பாட்டை எப்படிப் பூட்டி வைக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பேன். பதில் தடுமாறினால் மூட்டையைக் கட்டிவிடலாம்.

சரி, லென்ஸ் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கேமராவில் 300 மி.மீ.யில் 20 மீட்டர் தூரத்தைப் பார்த்தால் படத்துக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய 1.6 மீட்டர். பக்கவாட்டில் நிற்கும் பெரிய பழுப்புக் கரடி 2 மீட்டர் நீளம் வரும். ஆக, 20 மீட்டருக்குப் போனால் கரடியே அடங்காது, ஜூமைக் குறைக்க வேண்டியிருக்கும். அதே லென்ஸ் 46 மீட்டரில் 3.6 மீட்டர் அகலத்தைக் காட்டும். கரடி பாதிக்கு மேல் நிறைந்து, சுற்றிலும் கொஞ்சம் ஆறும் புல்லும் தெரியும். 46 என்ற எண் நானாகச் சொன்னது இல்லை. அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் கரடியை 50 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம், மீட்டரில் அது 46. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 100 கஜம், அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் 300 கஜம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனிக்கரடிக்கு 2025-லிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அங்கேதான் பெரிய லென்ஸ் தேவைப்படும்.

பக்கத்தில் போகப் போகப் படம் மோசமாகும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 600 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 4 என்ற அளவுக்கு அகலமாகத் திறந்து 10 மீட்டரில் குறி வைத்தால், தெளிவாக விழும் ஆழம் 7 சென்டிமீட்டர் அளவுதான். கரடியின் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் அதைவிட அதிக இடைவெளி. கண்ணைப் பிடித்தால் மூக்கு மங்கும், மூக்கைப் பிடித்தால் கண் மங்கும். 46 மீட்டரில் அதே லென்ஸ் 1.4 மீட்டர் ஆழம் கொடுக்கும், முகம் முழுக்கத் தெளிவாக இருக்கும். என்னுடைய நான்கு நாள் படங்களில் சுவரில் மாட்டியிருப்பது ஒன்றுதான்: ஒரு தாய்க்கரடி தண்ணீரிலிருந்து மீனோடு ஏற, கரையில் குட்டி இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. நாற்பது மீட்டராவது இருக்கும்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன் துள்ளுவதும் கரடி பாய்வதும் வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/1600 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏறுகிறதே என்று கவலைப்படாதீர்கள், புள்ளி விழுந்த படத்தைத் தேற்றிவிடலாம், அசைந்த படத்தைத் தேற்ற முடியாது. கருங்கரடியையோ தேன்கரடியையோ எடுக்கும்போது கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது). பனிக்கரடிக்கு நேர் எதிர்: ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கரடிக்கு உடம்பு பெரிது, கண் சின்னது, அதுவும் கறுப்பு ரோமத்துக்குள் புதைந்த கண். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் விழாவிட்டால் பொம்மை மாதிரித்தான் இருக்கும். தலையைத் தூக்கி வானத்துப் பக்கம் திருப்பும் நொடிக்குக் காத்திருங்கள்.

இதைவிட முக்கியம் கரடியின் உடம்பு பேசுவது. இரண்டு காலில் எழுந்து நிற்பதைப் பார்த்துப் பலர் ஓடுகிறார்கள்; பெரும்பாலும் அது சரியாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் பயப்படுவது கொட்டாவிக்கு. தூக்கம் வருகிறதோ என்று சிரித்துக்கொண்டே படமெடுப்போம், அது பதற்றத்தில் விடுகிற கொட்டாவியாக இருக்கும். வாயில் எச்சில் ஒழுகுவது, தாடையை டக் டக்கென்று அடிப்பது, புஸ் என்று மூச்சு விடுவது, தலையைத் தாழ்த்திக் காதைப் பின்னால் மடிப்பது இதெல்லாம் போய்விடு என்பதற்கு அர்த்தம். மேய்ந்துகொண்டிருந்தது மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்தாலே நீங்கள் அதிகப்படி நெருங்கிவிட்டீர்கள். சிவபூஜையில் நுழைந்த கரடி அந்த இடத்தில் நாம்தான்.

2012 ஆகஸ்டில் டெனாலியில் தனியாக நடந்துபோன ஒருவர் இப்படித்தான் இறந்தார். அவருடைய கேமரா கிடைத்தது. விதித்த தூரத்தைவிட வெகு பக்கத்தில் நின்று எட்டு நிமிடம்போலப் படமெடுத்திருக்கிறார். தொடக்கப் படங்களில் கரடி அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பூங்காவின் வரலாற்றில் கரடியால் நேர்ந்த முதல் மரணம் அது. அந்த எட்டு நிமிடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் என் தோளை ஒருவர் தொடும் வரை கண்ணை எடுக்கவில்லையே.

அதனால் தனியாகப் போகவே கூடாது. ஒருவர் படமெடுக்க, இன்னொருவர் வெறுங்கண்ணால் சுற்றிலும் பார்க்க வேண்டும். மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்ப்ரேயைப் பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். அது ஏழெட்டு மீட்டர்தான் பாயும், கரடியோ மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பையின் ஜிப்பைத் திறக்கிற நேரம் உங்களுக்குக் கிடைக்காது. விமானத்தில் அதைக் கொண்டுபோக விட மாட்டார்கள், போய் இறங்கிய இடத்தில்தான் வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னது பழுப்புக் கரடிக்கு. தேன்கரடியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கறையானை உறிஞ்சும்போது சத்தம் வெகுதூரம் கேட்கும், பார்வை மோசம், அந்த மும்முரத்தில் பக்கத்தில் ஆள் வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று பார்த்தால் ஓடுவதைவிடப் பாய்வதுதான் அதிகம். புலி இருக்கும் காட்டில் வளர்ந்த விலங்கு, மரமேறித் தப்புவதைவிட நின்று அடிப்பதுதான் அதற்குப் பழக்கம். 2018-ல் ஒடிசாவில் அடிபட்டுக் கிடந்த ஒரு கரடியோடு செல்ஃபி எடுக்கப் போனவர் அங்கேயே உயிரைவிட்டார். தேன்கரடியை வண்டிக்குள் இருந்தோ, கர்நாடகத்தின் தரோஜி கரடிச் சரணாலயம் மாதிரி இடங்களில் கோபுரத்தின் மேலிருந்தோ மட்டும் எடுங்கள். நடந்து போய் எடுத்தேன் என்று யாராவது பெருமை பேசினால் அவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

எனக்குக் குலுக்கலும் வேண்டாம், சேறும் வேண்டாம், கரடி பக்கத்தில் மட்டும் வேண்டும் என்றால் பின்லாந்தின் குஹ்மோ பக்கம் மரக்குடில்கள் இருக்கின்றன. சாயங்காலம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காலையில்தான் வெளியே விடுவார்கள். கோடையில் இரவும் வெளிச்சம் இருக்கும், லென்ஸ் மட்டும் ஓட்டை வழியாக வெளியே நீட்டியிருக்கும், இருபது முப்பது மீட்டரில் கரடி நடமாடும். இரை வைத்துத்தான் வரவழைக்கிறார்கள், எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஒரு தடவை போனேன், படம் நன்றாகவே வந்தது, கரடி தினமும் ஒரே கட்டைக்குப் பின்னாலிருந்து வந்து ஒரே இடத்தில் நின்றது. இரண்டாவது தடவை போகத் தோன்றவில்லை.

உங்கள் 70-300 போதும். 600 வாங்க வைத்திருக்கும் பணத்தில், நீங்கள் போகும் இடத்தில் தங்கும் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். மெக்னீலில் எனக்கு முதல் நாள் முழுக்க மழை, மூன்றாம் நாள் பனிமூட்டம். சுவரில் மாட்டிய படம் நான்காம் நாள் மத்தியானம் கிளம்பப் போகிற நேரத்தில் விழுந்தது, அதுவும் 280 மி.மீ.யில்.