முதலில் 10, அப்புறம் 90: லீனியர் ஸ்விட்ச் கேள்வி பதில்

நாலு வருடமாகப் பொழுதுபோக்காக கீபோர்டு கட்டுகிறேன். கடை கிடையாது, கமிஷனும் கிடையாது. லீனியர் ஸ்விட்ச் பற்றி மட்டும் கேளுங்கள், அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கிற ஸ்விட்சில், நடுவில் தட்டுப்படாமல், சொடுக்காமல் நேராக இறங்குகிற வகை. கீகேப் (விரல் படுகிற தொப்பி) நிறம், விளக்கு அலங்காரம் எல்லாம் எனக்குத் தெரியாத ஊர்.

முதல்கீபோர்டு: அக்கா, பட்ஜெட் கம்மி, ஆனால் வழவழவென்று இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?

கேட்டெரான் மில்க்கி யெல்லோ ப்ரோ. தொழிற்சாலையிலேயே லூப், அதாவது வழவழப்புக்கான கிரீஸ், போட்டு வருகிறது, விலைக்கு மோசமில்லை. ஆனால் எடுத்தவுடன் கீபோர்டு முழுவதற்குமாக 90 ஸ்விட்ச் வாங்காதீர்கள். 10 வாங்கி ஒரு வாரம் விரலுக்குப் பழக்குங்கள்.

நைட்ஷிஃப்ட்: ஒரே ஸ்விட்சை ஒரு இடத்தில் 50 கிராம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 60-க்கு மேல் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும். விசை முழுதாக 4 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால், ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அந்த இடத்தில் தேவைப்படும் அழுத்தம் ஒரு எண், அடியில் முட்டும்போது தேவைப்படுவது அதைவிடப் பெரிய எண், ஏனென்றால் ஸ்பிரிங் சுருங்கச் சுருங்க எதிர்ப்பு ஏறுகிறது. விற்பவர் எந்த எண்ணை எழுதினார் என்று பார்க்காமல் ஒப்பிட்டால் மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் ஒரே தராசில் வைத்த கதைதான். செர்ரி எம்எக்ஸ் ரெட் 45, பிளாக் 60 என்பதெல்லாம் பதிவாகும் இடத்தின் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் அடிவரை குத்துகிற ஆட்கள் என்பதால் நான் இரண்டாவது எண்ணைத்தான் பார்ப்பேன்.

சேலத்துக்காரன்: ப்ரோ, ஸ்மூத்தான லீனியர் எது?

அக்கா. பதில் மேலே முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

தாமரை: கையில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. வழவழப்பை எப்படிச் சோதிப்பது? வேகமாக அழுத்தினால் எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது.

நல்ல கேள்வி. வேகம் எல்லாக் குறையையும் மூடிவிடும். கீகேப் ஒன்றை மாட்டி, ஸ்விட்சைக் காதருகில் பிடித்து, ஒரு எறும்பு இறங்குகிற வேகத்தில் அழுத்துங்கள். முதலில் நடுவில், அப்புறம் கீகேப்பின் ஓரத்தில். ஓரத்தில் அழுத்தும்போது ஸ்டெம் (கீகேப்பைத் தாங்கி ஏறி இறங்கும் தண்டு) சாய்ந்து, அதன் பக்கவாட்டுத் தண்டவாளங்கள் ஹவுசிங்கின் (ஸ்விட்சின் வெளிக்கூடு) பள்ளத்தில் உரசும். மணல் தாளில் நகம் படுகிற மாதிரி ஒரு 'கிர்ர்' வந்தால் அந்த உரசல்தான் சொரசொரப்பு. நடுவில் மட்டும் வழவழப்பாக இருக்கிற ஸ்விட்ச் எனக்குப் போதாது, ஏனென்றால் என்டர், ஷிஃப்ட் போன்ற பெரிய விசைகளில் நாம் நடுவில் அடிப்பதே இல்லை. அப்புறம் கீகேப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹவுசிங்கின் மேல்மூடியே ஆடினால் இடையில் ஃபிலிம் என்ற மெல்லிய தாளைப் போட்டுச் சரிசெய்யலாம், ஸ்டெம் ஆடினால் ஃபிலிம் ஒன்றும் செய்யாது.

ஸ்பிரிங்ராஜா: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு அக்கா? லூப் போட்டால் 15 ரூபாய் ஸ்விட்சும் 60 ரூபாய் ஸ்விட்சும் ஒன்றுதான்.

பாதி உண்மை. க்ரைடாக்ஸ் 205ஜி0 போன்ற கிரீஸ் உரசும் பரப்புகளின் நுண்ணிய மேடுபள்ளத்தை மூடுகிறது, சத்தத்தையும் தணிக்கிறது. ஆனால் அச்சு வார்த்த விதத்தை அது திருத்தாது. தளர்வான ஸ்டெம் லூப் போட்ட பிறகும் தளர்வான ஸ்டெம்தான். என் முதல் கீபோர்டில் 70 ஸ்விட்சுக்கும் தோசைக்கு நெய் விடுகிற தாராளத்தோடு பூசினேன். விசைகள் தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி மெதுவாக மேலே வந்தன. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தேன், ஒன்றும் ஆகவில்லை, அந்த வகைக் கிரீஸ் அதில் கரையாது என்று அப்புறம்தான் படித்தேன். கடைசியில் சோப்புத் தண்ணீர், பழைய டூத்பிரஷ், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

ஸ்பிரிங்ராஜா: அப்படியென்றால் எண்பதுகளின் பழைய எம்எக்ஸ் பிளாக்கை ஏன் இன்னும் தேடி அலைகிறார்கள்? அதில் யார் லூப் போட்டார்கள்?

இது என் பக்கத்துச் சாட்சி, ராஜா! பல வருடம் யாரோ தட்டித் தட்டி, ஸ்டெமும் ஹவுசிங்கும் ஒன்றுக்கொன்று தேய்ந்து இணங்கிவிட்டன. வழவழப்பு பரப்பில் இருக்கிறது, லூப் டப்பாவில் இல்லை. ஆனால் பழையது எல்லாமே தங்கம் இல்லை, தூசி நிறைந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

பழையடெர்மினல்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாவல்கீஸ் கிரீம் என்ற ஸ்விட்சை லூப் இல்லாமல் மூன்று மாதம் அடித்தேன், தானாகவே இணங்கிவிட்டது. ராஜா சொல்வதும் தவறு, அக்கா சொல்வதும் முழுசு இல்லை.

கிரீம் ஒரு தனிக் கதை. ஸ்டெமும் ஹவுசிங்கும் இரண்டுமே பிஓஎம் (POM) என்ற வகைப் பிளாஸ்டிக், புதிதில் நன்றாகவே உரசும், அடிக்க அடிக்க மாறும். இதற்காக மோட்டார் வைத்து லட்சக்கணக்கான தடவை அழுத்திப் பதப்படுத்துகிறவர்கள் கூட இருக்கிறார்கள். உங்களுக்குப் பொறுமை இருந்தால் சரி. ஆனால் மூன்று மாதம் 'கிர்ர்' கேட்கச் சொல்லிப் புதியவர் ஒருவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரிங்ராஜா: சரி, தளர்ந்த ஸ்டெம் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். 15 ரூபாயை விடமாட்டேன்.

விடாதீர்கள். இறுக்கமாக வார்த்த மலிவு ஸ்விட்ச் உண்டு, லொடலொட என்று ஆடுகிற விலை உயர்ந்ததும் உண்டு. அதனால்தான் 10 வாங்குங்கள் என்று கத்துகிறேன்.

குமரி: லூப் விலை அதிகம். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40, தையல் மெஷின் எண்ணெய் ஏதாவது?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்கள் பாலிகார்பனேட் ஹவுசிங்கில் விரிசல் விடவைக்கலாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரணி: தமிழ்99-ல் தட்டச்சு செய்கிறேன். அதற்கென்று தனி ஸ்விட்ச் வேண்டுமா?

வேண்டாம், ஆனால் யோசிக்க ஒன்று இருக்கிறது. தமிழ்99-ல் உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில். அகரம் 'ஏ' விசையில், ஆகாரம் அதற்கு மேலே 'க்யூ' விசையில். கா, மா, ரா என்று எதை அடித்தாலும் சுண்டுவிரல்தான் ஏற வேண்டும். நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவருக்கு 60 கிராமுக்கு மேல் கனமான ஸ்பிரிங் மாலையில் தெரியும். ஹாட்ஸ்வாப் பலகையாக, அதாவது சால்டர் இல்லாமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டுகிற சர்க்யூட் பலகையாக இருந்தால் அந்த இரண்டு விசைக்கு மட்டும் இலேசான ஸ்விட்ச் போட்டுப் பாருங்கள், எனக்கு உதவியது.

வேட்டைக்காரன்: கேமிங்குக்கு மேக்னெடிக் ஸ்விட்ச் (அழுத்துவதைக் காந்தத்தால் உணர்வது) நல்லதா?

அதற்கென்றே தனிப் பலகை வேண்டும், சாதாரணப் பலகையில் வேலை செய்யாது. மீதியை விளையாடுகிறவர்களிடம் கேளுங்கள்.

நளினி: எல்லா விசையும் அருமை, ஸ்பேஸ் பார் மட்டும் கடகட. ஸ்விட்சை மாற்றவா?

மாற்றாதீர்கள்! அது ஸ்டெபிலைசர், நீளமான விசை சாயாமல் தாங்குகிற அமைப்பு. ஸ்பேஸ் பாருக்கு அடியில் இருக்கிற கம்பியின் முனைகளில் கிரீஸ் வையுங்கள். ஸ்விட்ச் மேல் விழுகிற பழியில் பாதி இந்தக் கம்பியுடையது.

தேன்மொழி: மேடம், பெஸ்ட் லீனியர் எது?

பத்து. வாங்குங்கள்.

இளவழகன்: 10 வாங்கிவிட்டேன் அக்கா! ஐந்து கால் ஸ்விட்ச், என் பலகையில் மூன்று ஓட்டைதான்.

நகவெட்டியால் ஓரத்தில் இருக்கிற இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் காலை மட்டும் நறுக்குங்கள். உலோகக் கால்கள் இரண்டையும் தொடாதீர்கள், மாட்டுவதற்கு முன் அவை நேராக நிற்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.