தெற்றுப்பல், சந்து, கறை: வாசகர் கேள்விகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்கள்

என் மகளுக்கு எட்டு வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பெரிய சந்து. இப்போதே கிளிப் போட வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது அம்மா. எலும்புக்குள் இறங்கிவரும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் முன்பற்கள் கீழே விசிறிபோல் விரிகின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் முளைத்ததும் சந்து பெரும்பாலும் தானே மூடும். மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உதட்டையும் ஈறையும் இணைக்கும் சதை மடிப்பு தடித்து, பற்களுக்கு நடுவே வரை இறங்கி, இழுக்கும்போது அங்கே ஈறு வெளுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

எனக்குத் தெற்றுப்பல். நான்கு மாதத்தில் திருமணம். ஆறு பற்களை அராவி கேப் (பல்லுறை) போட்டால் ஒரே வாரத்தில் வரிசையாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கேப் போடப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அராவ வேண்டும். போன எனாமல் (பல்லின் கடினமான மேலோடு) மீண்டும் வளராது. அராவிய பல்லின் நரம்பு பின்னாளில் செத்து, வேர் சிகிச்சை வரை போகலாம். கேப்பையும் ஆயுள் முழுக்க அவ்வப்போது மாற்ற நேரும். சொத்தையே இல்லாத இளம் பற்களை இப்படி அராவுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கிளிப் மெல்லிய விசையால் பல்லைத் தள்ளுகிறது. தள்ளும் பக்கம் எலும்பு கரைகிறது, விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளர்கிறது. இதனால்தான் பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது, சிகிச்சையும் ஒன்றரை, இரண்டு ஆண்டு நீள்கிறது. பல் நிறச் செராமிக் கிளிப்பை இப்போதே தொடங்குங்கள். திருமணத்தின்போது கம்பியை மட்டும் சில நாள் கழற்றித் தருவார்கள்.

தர்மபுரி மாவட்டம், வயது 19. என் பற்களில் பழுப்புத் திட்டுகள். உப்பு, கரித்தூள் எல்லாம் தேய்த்தும் போகவில்லை.

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள் தம்பி. இது நீங்கள் சரியாகப் பல் துலக்காததால் வந்ததல்ல. உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை. சிறுவயதில், தாடைக்குள் பல் உருவாகும்போதே மிகுதியான ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்துவிடுகிறது. கறை உள்ளே இருப்பதால் கரித்தூள் நல்ல எனாமலையும் சேர்த்துத் தேய்க்குமே தவிரக் கறையை எடுக்காது.

லேசான கறையென்றால் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சுரண்டி, பிறகு பிளீச்சிங் செய்தாலே நன்றாக மாறும். பல்லில் குழிகள் விழுந்திருந்தால் பல் நிறப் பிசினான காம்போசிட் பூச்சு. அதற்கும் அடங்காதபோதுதான் பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடான வெனீர். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரையோ ஆர்.ஓ. நீரையோ கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும்.

கிளிப் கழற்றி ஓராண்டு ஆகிறது. கீழ்ப்பற்கள் மறுபடி கோணுகின்றன.

பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை நிறுத்தியிருப்பீர்கள். பழையது வலியின்றிப் பொருந்தினால் இன்றிரவே போடுங்கள். பொருந்தாவிட்டால் அழுத்தித் திணிக்காமல் புதிதாக அளவெடுங்கள். இரவு ரிடெய்னரை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

எனக்கு 46 வயது. இனி கிளிப் போடலாமா?

தாராளமாக. வயது தடையில்லை, ஈறு நோய்தான் தடை. துலக்கும்போது ரத்தம் வந்தாலோ பல் ஆடினாலோ முதலில் ஈறு சிகிச்சையை முடித்து, எக்ஸ்ரேயில் எலும்பின் அளவைப் பார்த்த பிறகே கம்பி போடச் சொல்லுங்கள்.