கைமணிக்குழு: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் சபையில் 9 பேர் சேர்ந்து ஹேண்ட்பெல் குழு தொடங்கப்போகிறோம். எத்தனை மணி வேண்டும்?
– வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு

இரண்டு ஆக்டேவ் செட் போதும். (ஒரு சுரத்திலிருந்து அதே பெயருள்ள அடுத்த சுரம்வரை ஒரு ஆக்டேவ்.) ஜி4 முதல் ஜி6 வரை 25 மணிகள்: வெள்ளைக்கட்டைச் சுரங்கள் 15, கறுப்புக்கட்டைச் சுரங்கள் 10. ஒருவருக்கு அடுத்தடுத்த இரண்டு சுரங்கள், அவற்றின் ஷார்ப், ஃப்ளாட்டும் அவர் பொறுப்பே. 8 பேர் அடிக்க, ஒன்பதாமவர் கொயர் மாஸ்டர். பாட்டுக் குழுவில் ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சமாளிப்பார். இங்கே ஒருவர் ஊருக்குப் போனால் இரண்டு சுரம் ஊமையாகிவிடும். மாற்று ஆள் இரண்டு பேரை முதல் வாரமே பழக்குங்கள்.

வெண்கல மணிகளை இறக்குமதி செய்தால் கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேரும். பணம் சேரும்வரை அலுமினியக் குழாயில் செய்த ஹேண்ட்சைமில் பழகலாம். விலை குறைவு, ஓசை மென்மை.

ஒரு குழப்பம் எல்லாக் குழுவிலும் வரும். இசைத் தாளில் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் மேலேதான் மணி ஒலிக்கும். அதனால் தாளில் மிடில் சி (சி4) வந்தால் சி5 என்று பொறித்த மணியை எடுக்க வேண்டும்.

மூன்று மாதமாகப் பழகுகிறோம். சுரம் தப்பவில்லை, ஆனாலும் எல்லாம் கலந்து இரைச்சலாகக் கேட்கிறது. ஏன்?
– வாசகர், அல்சூர்

அடிக்கிறீர்கள், அணைப்பதில்லை. பியானோவில் விரலை எடுத்தால் ஒலி நிற்கும். மணியை விட்டுவிட்டால் பல விநாடி பாடிக்கொண்டே இருக்கும்; பெரிய மணி இன்னும் நீளமாக. சி அடங்குமுன் டி வந்தால் இரண்டும் உரசும்.

மணியின் வாய் மேலே பார்க்க, தோளருகே பிடியுங்கள். நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே ஆடும். கைப்பிடி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சரியாக அடிக்காது. முன்னே சிறு நீள்வட்டமாகக் கொண்டுபோய், மணிக்கட்டைச் சுண்டி நிறுத்துங்கள். கை நிற்கும் கணத்தில்தான் நாக்கு மோதும். ஆகவே தாளத்துக்குச் சற்று முன்பே கை கிளம்ப வேண்டும். சுரத்தின் அளவு முடிந்ததும் மணியின் உடலைத் தோளுக்குச் சற்றுக் கீழே அழுத்துங்கள். சட்டைப் பொத்தானிலோ புடவைப் பின்னிலோ பட்டால் 'கிர்' என்று கேட்கும்.

பயிற்சிக்கு ஒரு வாரம் பாட்டே வேண்டாம். "அடி, இரண்டு, மூன்று, அணை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஸ்கேல் மட்டும் அடியுங்கள். தாளில் 'எல்.வி.' என்றிருந்தால் மட்டும் ஒலியை ஓடவிடலாம். 'ஆர்' வந்ததும் வழக்கம்போல அணைக்க வேண்டும்.

அணைத்தும் ஒரு மணி இரட்டையாகத் தட்டினால் குறை கையில் இல்லை. நாக்கைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். திருகை லேசாக முறுக்குங்கள். அதிகமாக முறுக்கினால் மென்மையாக அடிக்கவே வராது.

மணிகளில் கறுப்புக் கறை. வெண்கலம்தானே, புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, லிங்கராஜபுரம்

தயவுசெய்து வேண்டாம். புளியின் அமிலம் பளபளப்பைத் தின்னும்; தண்ணீர் நாக்கின் மூட்டிலும் ஸ்பிரிங்கிலும் இறங்கும். இந்த வெண்கலம் ஏறக்குறைய 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். செம்புக்கு வியர்வை ஆகாது. விரல் ரேகை பதிந்த இடம்தான் அப்படியே கறுக்கிறது. பருத்திக் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். மெட்டல் பாலிஷ் எப்போதாவது போதும்.

வாசிக்கும்போது மணிகளை வைக்கும் மேசைக்கு ஆளுக்கு இரண்டடி வீதம் கணக்கிடுங்கள். சோபா தைக்கும் கடையில் 4 அங்குல ஃபோம் வாங்கிப் பரப்பி, மேலே சிக்பேட்டையில் கிடைக்கும் வெல்வெட்டைப் போடுங்கள். 'மார்டெல்லாட்டோ' என்று மணியை மேசையில் அடிக்கும் முறைக்கு இது கட்டாயம். வெறும் பலகையில் அடித்த மணி விரிசல் விட்டால், ஒட்டவைத்தாலும் பழைய சுரம் வராது.

பாமாலைப் பாட்டுகள் வாசிக்கிறோம். கீர்த்தனை வருமா?
– வாசகர், ஜீவன்பீமா நகர்

பாமாலை நான்கு குரலுக்கு எழுதியது, மணிக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டு ஆக்டேவ் செட்டில் எட்டாத பேஸ் சுரங்களை மட்டும் ஒரு ஆக்டேவ் ஏற்றிக்கொள்ளுங்கள். கீர்த்தனையில் கமகம் இருக்கிறது. மணியோ ஒரே சுரத்தில் நிற்கும், வழுக்காது. மெட்டைச் சபை பாடட்டும். மணிகள் சட்ஜம், பஞ்சமத்தை மட்டும் ஆவர்த்தனத் தொடக்கத்தில் அடித்தால் அழகாக இருக்கும். மணியின் சுருதியை மாற்ற முடியாததால், தபலாவை மணிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.